வடக்கே போன சூரியன்

நூம்பலில் இருக்கும் 'பூங்காற்று' குடியிருப்பில் மொத்தம் பதினாறு வீடுகள். அந்தப் பதினாறு வீட்டுச் சட்டைகளையும் ஒரே குவியலாகக் கொட்டினாலும், எது யாருடையது என்று சரியாகப் பிரித்து எடுக்கக்கூடியவர் ஒருவர்தான். இஸ்திரி வண்டி சரசா அக்கா.

மூன்றாம் மாடி சிம்ரனுக்கு வயது பதினொன்று. தம்பி லோகேஷுக்கு ஏழு. அம்மா சுதாவுக்குப் பூந்தமல்லியில் மருந்துக் கடையில் வேலை. அப்பாவுக்கு அம்பத்தூரில் வேலை. இருவரும் வீடு திரும்ப ஆறு மணியாகிவிடும். அதனால் பள்ளி விட்டதும் பிள்ளைகள் இருவரும் நேரே சரசா அக்காவின் வண்டிக்குத்தான் வருவார்கள். வீட்டுச் சாவி அக்காவிடம் இருக்கும். வாங்கிக்கொண்டு மேலே போய்விடலாம். ஆனால் ஒரு நாளும் போனதில்லை. இருவரும் அங்கேயே நின்று வகுப்பில் நடந்த சண்டை, வாங்கிய மதிப்பெண், கொட்டிய மதிய உணவு எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் படியேறுவார்கள்.

மதிப்பெண் குறைந்தால் அம்மாவுக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அக்கா அதை வெளியே விடமாட்டார். இப்படி ஓர் ஆள் கிடைப்பது சாதாரண விஷயமா?

வண்டி முன்பு வாசலுக்கு வெளியே, ஒரு புங்க மரத்தின் அடியில் நின்றது. போன டிசம்பர் புயலில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. மறுநாளே வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு முன்னால் கரிப்பெட்டிச் சூடு, தலைக்கு மேலே வெயில்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பரந்தாமன் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வேலையை இரண்டு முறை செய்வது என்றால் அவருக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகம் மாறிவிடும்.

"சரசா, வண்டிய உள்ளேயே போட்டுக்கோ," என்றார் மார்ச் மாதத் தொடக்கத்தில். "ஒரே எடம். சிமென்ட் தளம் போட்டுத் தர்றேன். அப்புறம் அங்க மாத்து, இங்க மாத்துன்னு வரக்கூடாது. எந்த எடம்னு சொல்லு."

அக்கா திருதிருவென்று விழித்தார். அங்கே நின்றுகொண்டிருந்த சிம்ரன் கையைத் தூக்கினாள்.

"நான் அளந்து சொல்றேன் அங்கிள்."

அந்த வாரம்தான் ஜமீலா மிஸ் வகுப்பில் வானத்தை அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருந்தார். சிம்ரனுக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாக்பீஸுடன் இறங்கினாள். மாலை நாலு மணி வரை, ஒவ்வொரு மணிக்கும் கட்டடத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டாள். கட்டடத்துக்கு வடக்குப் பக்கம், வாசலைப் பார்த்த இடத்தில், நாள் முழுக்க நிழல் இருந்தது. உச்சி வேளையில்கூட நாலு மீட்டர் அகலத்துக்குக் குளுகுளு நிழல்.

"இங்கதான் அக்கா. இந்த எடத்துல எப்பவுமே வெயில் வராது," என்றாள்.

"எப்பவுமேவா?" என்று கேட்டார் பரந்தாமன்.

"எப்பவுமே அங்கிள்."

மறுநாளே கொத்தனார் வந்தார். தளம் போட்டு, ஈரம் காயும் முன்பே வண்டியை ஏற்றி, நாலு சக்கரத்தையும் சுற்றிச் சிமென்டை அப்பினார்கள். பரந்தாமன் ஒரு குச்சியை எடுத்துத் தளத்தின் ஓரத்தில் தேதியையும் தன் பெயரையும் அழகாக எழுதினார். சரசா அக்கா நிழலில் நின்று முதல் சட்டையைத் தேய்த்தபோது சிம்ரனுக்குத் தான் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதாகவே தோன்றியது.

பிறகு தேர்வு வந்தது. தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் இருவரும் அரக்கோணத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாம்பழம், கிணற்றுக் குளியல், ஊர்ச் சண்டை என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. மே மாத நடுவில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். பையைக்கூட மேலே கொண்டு போகாமல் சிம்ரன் வண்டிக்கு ஓடினாள்.

ஓடியவள் நடுவழியிலேயே நின்றுவிட்டாள்.

வண்டி மொத்தமும் வெயிலில் நின்றது. கைப்பிடி உடைந்த ஒரு குடையைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அது வண்டிக்கே போதவில்லை. சரசா அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் கன்றிப் போயிருந்தது.

"வா கண்ணு. அரக்கோணத்துல போய் நல்லா கருத்துட்டியே," என்று சிரித்தார்.

"அக்கா, இங்க வெயில் வருது."

"அது இன்னிக்குத்தான் லேசா வந்துகினு கீது. நீ மேல போ. மொதல்ல மூஞ்சி கழுவு."

வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி வேம்புலிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இன்னா சரசா, பாப்பாகிட்ட பொய் சொல்ற? ஒரு மாசமா காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல வெந்துகினு கீறே. போன வாரம் தல சுத்தி உக்காந்துட்டே. நான்தான் சோடா வாங்கியாந்து குட்த்தேன்."

"யோவ், நீ சும்மா இருய்யா," என்றார் அக்கா.

சிம்ரன் வண்டியின் விளிம்பில் கை வைத்தாள். அது சுட்டது. "ஏன் அக்கா யார்கிட்டயும் சொல்லல?"

சரசா அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். "நீ நாள் பூரா நின்னு கோடு போட்டு குட்த்த எடம் கண்ணு. சரியில்லன்னு சொன்னா ஒனக்கு மனசு கஷ்டமா பூடும். அந்த சார் வேற ஒன்ன எதுனா சொல்வாரு." அவர் தலையிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "குமணன்சாவடில ஒரு கடைக்காரரு ஷெட்டு தரேன்னு சொல்லிகீறாரு. திங்கக்கெழமேலேந்து அங்க போயிடறேன். நீ ஒன்னும் நெனச்சிக்காத."

அன்று வியாழக்கிழமை.

சிம்ரன் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வந்தது. அக்கா போய்விடுவார் என்பது ஒரு பக்கம். அவரை வெயிலில் நிற்க வைத்ததே தான்தான் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது.

லோகேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய உதவி.

பிறகு, "சூரியன் ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டான்.

"தெரியல."

தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. வீட்டுக்குள் போனதும் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டி கண்ணில் பட்டது. தாளின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'உத்தராயணம்' என்று போட்டிருந்தது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் காலம். தை பிறந்த அன்று மொட்டை மாடியில் பொங்கல் வைத்து, கரும்பு கடித்து, சூரியனைக் கும்பிட்டு அனுப்பி வைத்ததே இந்த வடக்குப் பயணத்துக்குத்தானே? வழியனுப்பியவள் அவர் போகிறார் என்பதையே மறந்துவிட்டாள்.

சிம்ரன் தலையில் அடித்துக்கொண்டாள். மார்ச்சில் சூரியன் கட்டடத்துக்குத் தெற்கே இருந்தது. அதனால் வடக்கே நிழல். நகர்ந்து நகர்ந்து ஏப்ரல் கடைசியில் சென்னையின் தலைக்கு நேர் மேலே வந்து, அதையும் தாண்டி வடக்கே போய்விட்டது. ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு 'எப்பவுமே' என்று சொன்னதுதான் தப்பு.

"அப்ப வண்டியத் தெக்கால வெச்சிடலாம்," என்றாள்.

லோகேஷ் யோசித்தான். "அது திரும்பி வராதா?"

"வரும். ஆகஸ்ட்ல திரும்பி வரும்."

"அப்ப மறுபடியும் சிமென்ட் போடணுமா? பரந்தாமன் அங்கிள் கத்துவாரே."

தம்பி சொன்னது சரி. வடக்கு தெற்கு விஷயத்தில் சூரியனை நம்பவே முடியாது. மாதத்துக்கு ஓர் இடத்தில் இருக்கும். அப்படியானால் எந்த விஷயத்தில் நம்பலாம்?

அவள் சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள். "லோகேஷ், சூரியன் தெனமும் எங்க உதிக்கும்?"

"ஒனக்கு அதுகூடத் தெரியாதா? கெழக்க."

"எங்க மறையும்?"

"மேக்க. நான் எல்கேஜிலயே படிச்சிட்டேன்."

"மார்ச்லயும் அப்படித்தான். மே மாசத்துலயும் அப்படித்தான். காலைல கட்டடத்துக்கு மேக்குப் பக்கம் நிழல். சாயங்காலம் கெழக்குப் பக்கம் நிழல். எந்த மாசமா இருந்தாலும் இது மாறாது."

"அப்ப வண்டி?"

"வண்டிக்குத்தான் சக்கரம் இருக்கே. நாமதான் அதப் புடிச்சுச் சிமென்ட்ல பொதச்சு வெச்சோம்."

ஆனால் இந்த முறை அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அளக்க விரும்பினாள். நண்பகலில் வெயில் தலைக்கு மேலே வரும்போது இரண்டு பக்கமும் நிழல் இருக்காது. அது எப்போது தொடங்கி எப்போது முடியும்? 'கொஞ்ச நேரம்தான் அங்கிள்' என்று போய் நின்றால் பரந்தாமன் விடமாட்டார்.

முதலில் ஒரு துடைப்பக் கட்டையை மொட்டை மாடியில் நேராக நட்டு வைத்தாள். உச்சி வேளை என்பது பன்னிரண்டு மணி என்றுதான் நினைத்திருந்தாள். நிழல் அதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கும் அது கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. பன்னிரண்டு ஆறுக்குத்தான் நேர் தெற்கே விழுந்தது. அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மாலையில், வெயில் இறங்கிய பிறகு, கட்டடத்தின் மேற்குப் பக்கம் போனார்கள். அங்கே ஸ்கூட்டர்கள் நின்றுகொண்டிருந்தன. சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று சிம்ரன் கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, ஒரு கண்ணை மூடினாள்.

"இன்னா பாப்பா, யாரையாவது குத்தப் போறியா?" என்று கேட்டார் வேம்புலி.

"வானத்த அளக்கறேன் அண்ணா. கைய நேரா நீட்டினா ஒரு முட்டி பத்து டிகிரி. தரைக்கு நேரா ஆரம்பிச்சு ஒன்னு மேல ஒன்னு வெச்சா, தல உச்சிக்கு ஒன்பது முட்டி."

ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினாள். எட்டாவது முட்டி வைத்தபோது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பு வந்துவிட்டது.

"நானும் அளக்கறேன்," என்றான் லோகேஷ்.

"உன் கை சின்னது," என்றார் வேம்புலி.

"சின்னக் கைதான் அண்ணா, ஆனா நீட்டற தூரமும் சின்னதுதானே. அதனால சரியாப் போயிடும்," என்றாள் சிம்ரன்.

லோகேஷ் அண்ணாந்து அண்ணாந்து அளந்தான். எட்டாவது முட்டியில் பின்னால் சாய்ந்து ஒரு ஸ்கூட்டர்மேல் விழுந்தான். விழுந்த நிலையிலேயே, "எட்டு," என்று சத்தமாக அறிவித்தான்.

விளிம்புக்கும் தலை உச்சிக்கும் நடுவில் மீதி ஒரு முட்டி. அதாவது பத்து டிகிரி. வானத்தில் சூரியன் ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரி நகரும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அப்படியானால் பத்து டிகிரிக்கு நாற்பது நிமிடம். உச்சிக்கு நாற்பது நிமிடம் முன்னால், அதாவது பதினொன்று இருபத்தாறுக்கு, வெயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். உச்சிக்கு நாற்பது நிமிடம் பின்னால் அந்தப் பக்கம் நிழல் விழத் தொடங்கும். சிம்ரன் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பரந்தாமன் செய்தித்தாளை மடித்து வைக்கும்வரை காத்திருந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், நான் காட்டின எடம் தப்பு. அக்கா ஒரு மாசமா வெயில்ல நிக்கறாங்க. என்மேல இருக்கற பிரியத்துல அவங்க சொல்லல. என் தப்புதான்."

பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றினார். "அதனால?"

"வண்டி ஓடணும் அங்கிள். காலைல மேக்கால. மத்தியானத்துக்கு மேல கெழக்கால."

"தளம் போட்டாச்சும்மா. பேர் வேற எழுதியாச்சு."

"மேக்கால நிக்கற ஸ்கூட்டருங்கள எல்லாம் உங்க தளத்துல விட்டுக்கலாம். வீணாப் போகாது."

"வெயில்ல சீட்டு சுடுமே. பதினாறு வீட்டுக்காரங்களும் என்னைத்தான் கேப்பாங்க."

"சீட்டு மேல ஒரு துண்டு போட்டுக்கலாம் அங்கிள். அக்கா மேல என்ன போடறது?"

பரந்தாமன் கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மார்ச்லயும் நீ இப்படித்தான் அடிச்சுச் சொன்ன. எப்பவுமே வெயில் வராதுன்னு."

"இப்ப எப்பவுமேன்னு சொல்லல. மேக்குப் பக்கம் இன்னிக்குப் பதினொன்னு இருவத்தாறுக்கு வெயில் வரும். அதுக்கு முன்னாடி வராது. நீங்களே வந்து பாருங்க."

அவருக்குக் கைக்கடிகாரம் என்றால் உயிர். நிமிடம் தவறாமல் வைத்திருப்பார். பதினொன்றே காலுக்கெல்லாம் மேற்குப் பக்கம் வந்து, சிம்ரன் சாக்பீஸால் போட்டிருந்த வட்டத்துக்குள் ஏறி நின்றுவிட்டார். சரசா அக்காவும் வேம்புலியும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

பதினொன்று இருபது. அவர் நிழலில் இருந்தார்.

பதினொன்று இருபத்திரண்டு. நிழல்தான். சிம்ரன் நோட்டிலிருந்த கணக்கை இன்னொரு முறை பார்த்தாள். இந்த முறையும் தப்பாகிவிட்டால் திங்கட்கிழமை வண்டி போய்விடும். அதற்கு மேல் அவள் என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்?

பரந்தாமனின் வழுக்கைத் தலை நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று விழுந்தது. அவர் கையை உயர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னு இருவத்தினாலு," என்றார். "ரெண்டு நிமிஷம் தப்பு."

அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தேன். எல்லா வேலையும் மாசக் கணக்குலதான் தள்ளிப் போகும். வெறும் ரெண்டு நிமிஷம் தப்புல ஒரு வேலை முடிஞ்சு நான் பாத்ததே இல்ல," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். "வேம்புலி, அந்தக் கடப்பாரையக் கொண்டா."

மாலைக்குள் சிமென்டை உடைத்துச் சக்கரங்களை வெளியே எடுத்தார்கள். பரந்தாமன் பெயர் எழுதிய ஓரத்தை மட்டும் வேம்புலி தொடவே இல்லை. சனிக்கிழமை காலை ஸ்கூட்டர்கள் எல்லாம் வடக்கே போயின. சரசா அக்கா மேற்குப் பக்கம் நிழலில் கரியை மூட்டினார். குமணன்சாவடிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, "வாணாண்ணே, எனக்கு இங்கியே எடம் ஆயிடுச்சி," என்றார். அதைச் சொல்லும்போது சிம்ரனின் தலையில் கை வைத்திருந்தார்.

லோகேஷ் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வண்டியில் தொங்கவிட்டான்: 'தினமும் 11.25 முதல் 12.45 வரை இஸ்திரி கிடையாது. சூரியன் தலைக்கு மேலே இருக்கிறார்.'

மணி சரியாகப் பதினொன்று இருபத்தைந்து ஆனதும் எல்லாரும் சேர்ந்து வண்டியைக் கிழக்குப் பக்கம் தள்ளினார்கள். அங்கே இன்னும் நிழல் வரவில்லை. கரியைச் சாம்பல் போட்டு மூடிவிட்டு, சரசா அக்கா என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"சாப்பிடுங்க அக்கா," என்றாள் சிம்ரன்.

"இப்பவா? நான் மூணு மணிக்கு மேலதான் கண்ணு துண்ணுவேன். அதுவும் நின்னுகினே. ஒரு கைல சோறு, ஒரு கைல பெட்டி. பதினாலு வருஷமா அப்படியே பழகிப் போச்சி."

"இப்ப ஒரு மணி இருவது நிமிஷம் வேலை கெடையாதுன்னு போர்டுல போட்டிருக்கே," என்றான் லோகேஷ்.

அக்கா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தூக்குச் சட்டியைத் திறந்தார். புளிக்குழம்பும் கருவாடும் மணந்தன.

அப்போது பரந்தாமன் கையில் ஒரு சட்டையுடன் வேகமாக வந்தார். "சரசா, மாங்காட்டுல ஒரு கல்யாணம். அவசரமா இத ஒரு தேய்..."

லோகேஷ் அட்டையைக் காட்டினான்.

பரந்தாமன் அட்டையைப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாந்து வானத்தைப் பார்க்கப் போய், கண் கூசிக் குனிந்துகொண்டார். பிறகு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் மேல்படியில் உட்கார்ந்தார்.

"மெதுவாச் சாப்பிடு. நான் வெயிட் பண்றேன்," என்றார்.

சரசா அக்கா அவரைப் பார்த்தார். சிம்ரனைப் பார்த்தார். அப்புறம் அவசரமே இல்லாமல் தூக்குச் சட்டியைச் சாய்த்து, இரண்டாவது முறையும் மூடியில் சோறு போட்டுக்கொண்டார்.